அரக்குக் கடிகாரம்

"ஏழு மணிக்குள்ள வீடு திரும்பினாத்தான் வேலைக்குப் போகலாம்" என்று மாமனார் முதல் நாளே சொல்லியிருந்தார். மருமகளின் பஸ்ஸோ தினமும் ஏழரைக்குத்தான் வந்து சேர்ந்தது. ஆனாலும் அவர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. தங்கமான மனுஷர்! வாயே திறக்காத மாமியாரிடம்தான் அவளுக்குப் பயம்.

அன்று கதவைத் திறந்தவள், மாமியார் நாற்காலி மேல் ஏறி நிற்பதைப் பார்த்தாள். கறுப்பு அரக்குப் பூச்சில் பொன்னிறப் பறவைகள் தீட்டிய பழைய இங்கிலாந்துச் சுவர்க்கடிகாரம். மாமனார் நம்புவது அது ஒன்றைத்தான். அதன் முள்ளில் மாமியாரின் மாவு விரல்!

"ஓஹோ, முள்ளைத் தள்ளி வெச்சு என்னை மாட்டிவிடப் பார்க்கிறீங்களா அத்தை? இறங்குங்க!"

மாமியார் இறங்கினாள். மருமகள் செல்போனைப் பார்த்து முள்ளைச் சரியாக வைத்தாள்.

குளித்துவிட்டு வந்த மாமனார் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"என்னம்மா, ஏழரையா? தினமும் ஏழுக்கெல்லாம் வந்துடுவியே! இப்படின்னா வேலையே வேண்டாம்."

இத்தனை நாளும் அந்த முள் எந்தப் பக்கம் தள்ளப்பட்டது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"அவளை ஏங்க திட்டறீங்க?" மாமியார் முந்திக்கொண்டாள். "வர்ற வழியில எனக்கு மாத்திரை வாங்கச் சொன்னேன். கடையில கூட்டமாம்."

மருமகளால் தலை நிமிர முடியவில்லை.