பச்சைக் கரை

கடலோர நகரமொன்றில், எந்தத் தெரு வெள்ளத்தில் மூழ்கும் என்று முன்கூட்டியே சொல்லும் இயந்திரம் ஒன்றைக் கால்வாய்க் கரையில் நிறுத்தியிருந்தார்கள். பழைய வெள்ளப் புகார்களைப் படித்தே அது தேர்ச்சி பெற்றிருந்தது. அது ஆபத்து என்று சிவப்பாகக் காட்டிய தெருக்களுக்கு மட்டுமே மணல் மூட்டைகள் போயின; பச்சையாகக் காட்டியவற்றுக்கு எதுவும் போகவில்லை.

அதே கரையில் வளை தோண்டி வாழ்ந்த பெருச்சாளி இயந்திரத்திடம் கேட்டது: "ஏன் துரை, எங்க கரை மட்டும் எப்படிப் பச்சையா இருக்கு?"

"இங்கிருந்து புகாரே வந்ததில்லை, அம்மா. ஆகவே வெள்ளமும் வந்ததில்லை."

"போன மழையில என் குட்டிங்க அத்தனையும் வளையோட முழுகிப் போச்சு. செத்ததுங்க எழுந்து வந்து உனக்குப் புகார் குடுக்குமா?"

"பச்சை இடம் என்பதால்தான் என்னையே இங்கு நிறுத்தினார்கள்" என்று இயந்திரம் பெருமைப்பட்டுக்கொண்டது.

ஐப்பசி மழை கொட்டியது. பெருச்சாளி தன் புதிய குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விச் சென்று இயந்திரத்தின் உச்சியில் வைத்தது. கீழே நீர் ஏறியது, இயந்திரம் செய்தி அனுப்பும் கம்பி அறுந்தது.

"வெள்ளம்! நான் மூழ்குகிறேன்!" என்று இயந்திரம் அலறியது.

"யாருகிட்ட சொல்ற, துரை? இங்க நான்தான் இருக்கேன்."

குட்டிகள் பிழைத்தன, இயந்திரம் பிழைக்கவில்லை. மறு ஆண்டு புதிய இயந்திரம் வந்தது. பழையதிடமிருந்து புகார் எதுவும் வந்து சேராததால், அதுவும் அந்தக் கரையைப் பச்சை என்றே காட்டியது.