எவ சேலை?

பயறு அடைத்த குட்டித் துணிப்பையை முதுகுக்குப் பின்னாலிருந்து வீசி, தோளைத் தாண்டி வந்ததைப் புறங்கையில் ஏந்தினான் செம்மலை. அவன் மனைவி தேவிகாவின் கண் வித்தையில் இல்லை. பையின் துணியில் இருந்தது. அரக்குக் கட்டம் போட்ட கண்டாங்கி.

"எவ சேலைங்க இது?"

"ஏன்?"

"எங்கிட்ட இந்தக் கட்டம் கெடையாது. எவளோ ஆசையாத் தச்சுக் குடுத்திருக்கா. நீங்களும் கீழ வைக்காமக் கொஞ்சுறீக!"

"தச்சது நாந்தான்."

"சேலைக்காரி பேரைச் சொல்லப் போறீகளா, இல்லையா?"

செம்மலை பையை அவள் கையில் வைத்தான்.

"நம்ம மொத வருசக் கல்யாண நாளுக்கு நான் எடுத்துக் குடுத்தது. மடிப்புக்கூடக் கலைக்காம, பழைய துணிக்காரன்கிட்டப் போட்டு வாளி வாங்குனியே... ஒரு துண்டாச்சும் வெட்டித் தாய்யான்னு அவன்கிட்டக் கெஞ்சி வாங்குனேன்."

குழாயடியில் அந்த எவர்சில்வர் வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.