ரெண்டு சீட் வண்டி

"ரெண்டே சீட்டா?"

வாசலில் புகை அடங்குவதற்குள் அம்மா கேட்டுவிட்டாள்.

"ஸ்போர்ட்ஸ் கார்னா அப்படித்தான்" என்றார் அப்பா.

"வீட்டுல மூணு பேரு. யாரை டிக்கியில போடப் போறீங்க?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் டிக்கியைப் பார்த்தேன். அப்பா உயரத்துக்கு வளர்ந்துவிட்டவள் நான். என் ஒரு காலைக்கூட அதில் நுழைக்க முடியாது.

அப்பா பஸ் டிரைவர். இருபத்திரண்டு வருஷமாக ஒரே ரூட், முப்பத்தொரு நிறுத்தம். அறுபதுக்கு மேல் போகாதபடி பஸ்ஸுக்குப் பூட்டு வேறு. ஊருக்கு வெளியே கார் பந்தயத் தடம் ஒன்று இருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு, ஹெல்மெட்டோடு யார் வேண்டுமானாலும் வந்து ஓட்டலாம். அப்பாவுக்கு இருக்கிற ஒரே ஆசை, நிறுத்தமே இல்லாமல் அதில் ஒரு ரவுண்டு.

அதற்காகத்தான் தன் பைக்கை விற்றுவிட்டு, பதினெட்டு வயசான இந்தச் சிவப்பு வண்டியை வாங்கி வந்திருந்தார்.

"ஒரு டாக்டர் வச்சிருந்தாரு சார். ஞாயித்துக்கிழமை மட்டும்தான் வெளியவே எடுப்பாரு." இது புரோக்கர். நான் மூக்கால் பேசினால் அவர் குரல் அச்சு அசலாக வரும். ஓடியிருந்த கிலோமீட்டரைப் பார்த்தால், டாக்டருக்கு வாரத்தில் ஏழு ஞாயிறு.

அம்மா மசியவில்லை. அவள் முன்னறையில் தையல் மிஷின் போட்டு உட்கார்ந்திருப்பவள்.

"நானும்தான் காலையிலேருந்து மிதிக்கிறேன். இருந்த இடத்துலேருந்து ஒரு அங்குலம் நகர்ந்திருக்கேனா? இவருக்கு மட்டும் ரவுண்டு கேக்குது. மாசக் கடைசிக்குள்ள இது போகணும். இல்ல, நான் போறேன்."

சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கும் பழக்கம் அம்மாவின் பரம்பரையிலேயே கிடையாது.

அப்பாவும் அசரவில்லை. தினமும் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் வண்டிக்கடியில் படுத்துவிடுவார். பந்தயத் தடத்துக்கு எடை குறைய வேண்டுமாம். ஏசி போனது. பாட்டுப்பெட்டி போனது. தரைவிரிப்பு போனது.

"முதல்ல உங்க தொப்பையைக் கழட்டுங்க. எடை தானா குறையும்" என்றாள் அம்மா, ஜன்னல் வழியாக.

பக்கத்து சீட்டில் அவர் ஸ்பேனரை வைத்தபோது மட்டும் வெளியிலேயே வந்துவிட்டாள்.

"அதைத் தொடாதீங்க. ஒத்தை சீட்டோட எவன் வாங்குவான்?"

அப்பா ஸ்பேனரை எடுத்துவிட்டார். அப்போது அவருக்கு வேறு ஒரு கடுப்பு இருந்தது.

"வாலு, இங்க வா. டிரைவர் சீட்டை ஏன் முன்னால தள்ளி வைக்கிறே? தினமும் முட்டி இடிக்குது எனக்கு."

"நான் தள்ளலப்பா."

"பின்ன யாரு, டாக்டர் வந்து தள்ளினாரா?"

கணக்கு டீச்சர் குரலில் தலைமை ஆசிரியைக்கே போன் போட்டு லீவு கேட்டவள் நான். வீட்டில் எது நகர்ந்தாலும் என் தலையில்தான் விழும். வாதாடிப் பயனில்லை.

"சரிப்பா, இனிமே தள்ளல."

மறுநாளும் சீட் முன்னால்தான் இருந்தது. மறுநாளும் எனக்குத்தான் திட்டு.

மாசக் கடைசி வந்தது. உதிரிபாகக் கடைக்காரர் ஒருவர் ஞாயிறு பத்து மணிக்கு வந்து வண்டியை எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. அவர் கைக்குப் போனால் பத்தே நாளில் கதவு வேறு, சக்கரம் வேறு.

சனிக்கிழமை சாயங்காலம் அப்பா வண்டியைக் கழுவினார். துடைத்தார். பிறகு உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். ஜன்னல் பக்கம் போய் எட்டிப் பார்த்தேன். கண் மூடியிருந்தது. கைகள் ஸ்டியரிங்கை மெதுவாகத் திருப்பின. இடப்பக்கம் சாய்ந்தார். நிமிர்ந்தார். வலப்பக்கம் சாய்ந்தார்.

"ரவுண்டு முடிஞ்சுதாப்பா?"

கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "இன்னும் ஒரு வளைவு இருக்கு."

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

ஞாயிறு காலை. அப்பா குளித்துக்கொண்டிருந்தார். அம்மா மிஷினில். அப்பாவின் போனை எடுத்து மாடிப்படிக்குப் போனேன். தொண்டையைச் செருமி, வயிற்றிலிருந்து பேசினால் எனக்கு அப்பா வந்துவிடுவார். கொஞ்சம் ஜலதோஷம் பிடித்த அப்பா.

"அண்ணே, நான்தான். சிவப்புக் காரு. விக்கிறதா இல்லண்ணே. தப்பா எடுத்துக்காதீங்க."

"அதுதான் தெரியுமே சார்" என்றார் கடைக்காரர்.

"எப்படி?"

"உங்க வீட்டம்மா ஆறு மணிக்கே போன் பண்ணி, வர வேணாம்னுட்டாங்களே. உங்களுக்குத் தெரிய வேணாம்னாங்க. பாருங்க, உளறிட்டேன்."

என் தொண்டையிலிருந்து அப்பா நழுவிவிட்டார். "அம்மாவா?" என்று என் சொந்தக் குரல்தான் வந்தது.

"சார்? லைன்ல இருக்கீங்களா?"

இருமி, அப்பாவைத் திரும்பக் கூட்டி வந்தேன். "இருக்கேன், சொல்லுங்க."

முன்னறையில் மிஷின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது, இருந்த இடத்திலேயே.

"வேற ஒண்ணுமில்ல சார். அவங்க ஒரு சந்தேகம் கேட்டாங்க, யோசிச்சுச் சொல்றேன்னேன். டிரைவர் சீட்டுக்கு அடியில இருக்கிற ரெயிலை மாத்திட்டா சீட் இன்னும் நாலு அங்குலம் முன்னால வரும். அப்ப அவங்க காலுக்குக் கிளட்ச் எட்டிடும்னு சொல்லிடுங்க."