சொல்லாமல் போகிறவர்கள்

என் மனைவி சுடர்மதி இறந்த பிறகு என் வீட்டுக்கு வருகிறவர்கள் யாரும் விடைபெறுவதில்லை. சாவு வீட்டில் 'போய்வருகிறேன்' என்று சொன்னால் இன்னொரு சாவுக்கு வருவதாகிவிடுமாம். பேசிக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று எழுந்து போய்விடுவார்கள். நானும் தலை நிமிராமல், அவர்கள் செருப்பு மாட்டுவதற்குள் கதவைச் சாத்தப் பழகியிருந்தேன். மறுபடி யாரும் வராமலிருந்தால் நல்லது என்றே நினைத்தேன்.

நேற்று மாடிவீட்டுக் கோமளா அக்கா வழக்கம்போல ரசம் கொண்டுவந்து வைத்தார். வழக்கம்போல நான் கதவில் கை வைத்தபடி நின்றேன். வாசலைத் தாண்டியவர், "போயிட்டு வரேன் தம்பி" என்றார். மறுகணம் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஐயோ, என் நாக்குல தீய வைக்க! வாய் தவறி வந்துடுச்சுப்பா."

கதவிலிருந்து என் கையை எடுத்தேன். எத்தனையோ நாட்களுக்குப் பின் ஒரு முகத்தை நேராகப் பார்த்தேன்.

"வாங்கக்கா" என்றேன். "நாளைக்கும் வாங்க. ஆனா முந்தாநாள் ரசத்துல உப்பே இல்ல."

"அடப்பாவி, அப்போ குடிச்சியா நீ?"

"வழிச்சுக் குடிச்சேன்."

அக்கா அழுதுகொண்டே சிரித்தார். அவர் படியேறி மறையும்வரை வாசலில் நின்றேன்.