மேய்ச்சல் நிலத்துச் சாமி

ஆடுகள் மேய ஊருக்கு இருந்தது அந்த ஒரு நிலம்தான். அதில் அரசாங்கம் என்ன கட்டப் போகிறது என்று கேட்டு மாதம்மா தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்தாள். "மேல கேட்டுச் சொல்றோம்" என்பதே பதில்.

இன்று அதிகாரியே ஜீப்பில் வந்தார். பனிக்குள் ஆடுகள் மிதந்துகொண்டிருந்தன. நடுவே மஞ்சள் பூசி, ஆவாரம்பூ மாலையோடு ஒரு கல், கனவில் வந்ததுபோல் நின்றது. அதிகாரி செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

"சாமி இருக்கற எடம்னு முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா? வேற எடம் பாத்துக்கறோம்."

ஜீப் பனியில் கரைந்தது.

"எந்தக் காலத்துச் சாமிங்க அத்தே?" என்றாள் புது மருமகள் பாஞ்சாலி.

"போன மாசம் நிலத்த அளக்க வந்தவங்க நட்டுட்டுப் போன கல்லுதான். ஆபீசுல யாரும் வாயத் தொறக்கல. இண்டூர்ச் சந்தையில மஞ்சள் வாங்கியாந்து பூசி, இதுகிட்டக் கேட்டேன்."

சொல்லிவிட்டு மாதம்மாவும் கும்பிட்டாள்.