பல்லியிடம் எடுத்த மண்வேலை

ஆந்தைக்கு வீடு கட்டித்தர ஒப்பந்தம் எடுத்த பல்லி, மண்வேலையைக் குளவியிடம் விட்டது.

"ஆந்தை எனக்குக் கொடுத்தால்தான் உனக்குக் கூலி, தம்பி."

"கொடுத்துடுமா, அண்ணே?"

"இச் இச்!"

பல்லியே சொல்லிவிட்டது, நல்ல சகுனம் என்று குளவி பூரித்துப்போனது. தன்னைப் போல விவரமானவன் ஊரில் இல்லை என்ற நினைப்பு வேறு.

சுவர் எழும்பியது, ஆந்தை குடியேறியது, கூலி மட்டும் வரவில்லை. கேட்கப் போகும்போதெல்லாம் "இச் இச்" என்றது பல்லி. கொட்டத் தெரிந்த குளவி கும்பிட்டுவிட்டுத் திரும்பியது.

மண் குழைக்கத் தண்ணீர் சுமந்த தவளை ஒருநாள் வந்து நின்றது.

"பிள்ளைங்க பட்டினி, அண்ணே. என் கூலி?"

"பல்லி எனக்குக் கொடுத்ததும் உனக்குத்தான்."

"கொடுத்துடுமா?"

குளவி வாயைத் திறந்தது. "இச் இச்" என்றுதான் வந்தது.

தவளை பூரித்துப்போய்க் கிளம்பியது.