இருபதுக்குக் கீழே

லேப்டாப் வளர்மதி வாங்கியது. அதற்குச் சார்ஜ் போடும் உரிமை மட்டும் கணவன் தாமோதரனுடையது. எண்பது சதவீதம் ஏறியதும் சார்ஜரைப் பிடுங்குவான். இருபதுக்கு இறங்கியதும் மறுபடி செருகுவான். நடுநடுவே அதன் அடிவயிற்றில் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்ப்பான். அவள் காய்ச்சலில் கிடந்த நாட்களில் அந்தக் கை அவள் நெற்றிக்கு வந்ததில்லை.

குழந்தைக்காக விட்ட வேலையை மறுபடி தேடி அலைந்தவளை, ஒருவழியாக ஒரு ஆன்லைன் நேர்காணலுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அன்றைக்கென்று பார்த்து மாதாந்திர மின்தடை. முந்தின நாளே கேட்டாள்.

"இந்த ஒரு தடவை முழுசா ஏத்திக்கட்டுமாங்க?"

"பேட்டரி ஆயுசு போயிடும். எண்பது தாராளம்."

செல்போனிலிருந்து இணையம் எடுத்துப் பேசினாள். நேர்காணல் நீண்டுகொண்டே போனது. கடைசியில் திரையிலிருந்த பெண்மணி சிரித்தபடி, "எப்ப வந்து சேர முடியும் உங்களால?" என்றாள். வளர்மதி பதிலுக்கு வாயைத் திறந்தாள். பின்னாலிருந்து வந்த கை லேப்டாப்பின் மூடியைச் சாத்தியது.

"இருபது ஆயிடுச்சும்மா. கவனிக்க மாட்டியா?"

"ஏங்க, அவங்க இப்பதான்..."

செல்போன் அடித்தது. அதே கம்பெனி. அவள் எட்டுவதற்குள் தாமோதரன் எடுத்துப் பார்த்தான்.

"அடிப்பாவி, இது பதினஞ்சுக்கு வந்துடுச்சே."

பதறிப்போய் அதை அணைத்தான். இரண்டையும் சூடு ஆற ஜன்னலோரம் வைத்தான். அந்தப் பெண்மணிக்காக வைத்திருந்த சிரிப்பு வளர்மதியின் முகத்திலிருந்து இன்னும் இறங்கவில்லை.